சமையல் அளவை மாற்றம்

சமையல் பொருளின் கொள்ளளவை எடையாகவும், எடையைக் கொள்ளளவாகவும் கணக்கிடும் முறை. மலாக்காவில், நீரிணைக் குடியேற்றக் காலத்திலிருந்தே இருவகை அளவைகளும் வழங்கின. ஒரு கந்தாங் என்பது 4 சுப்பாக், அதாவது 4.546 லிட்டர், ஒரு காத்தி என்பது 16 தாயில், சுமார் 605 கிராம். 1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்துக்குப் பின் மெட்ரிக் முறை படிப்படியாக நிலைபெற்றது.

மாற்றத்துக்குப் பொருளின் அடர்த்தி தெரிய வேண்டும். 250 மில்லி கப்பில் தண்ணீர் 250 கிராம் பிடிக்கும். எண்ணெய் சுமார் 230, சீனி 210, அரிசி 200. மாவுதான் ஏமாற்றும். தளர்வாகக் கொட்டினால் 130 கிராம் அளவில் நிற்பது, தட்டி அமுக்கினால் 150ஐத் தாண்டிவிடும். துகள்களுக்கு இடையிலுள்ள காற்று வெளியேறுவதே காரணம்.

இந்தக் கணக்கில் ஒரு கந்தாங் அரிசி ஏறக்குறைய மூன்றரை முதல் நான்கு கிலோ.

அரிசி அளக்கக் காலிப் பால் டின்னும் கைகொடுக்கும். சுமார் 300 மில்லி கொள்ளும் டின்னைத் தலைதட்டி அளந்தால் கால் கிலோ அளவுக்கு வரும். குவித்து அளந்தால் கூடும். எனவே குறிப்பு எழுதுவோர் அளந்த விதத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.