புற்றுநோய் சிகிச்சையின்போதும் பின்னரும் உடற்பயிற்சி: குடும்பத்தார் அறிய வேண்டியவை

நம் வீடுகளில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால், முதல் வேலையாக அவர் கையிலிருந்து எல்லா வேலைகளையும் வாங்கிவிடுகிறோம். "உம்மா, நீங்க எழுந்திருக்க வேண்டாம்", "வாப்பா, தண்ணி நாங்க கொண்டு வர்றோம்" என்று பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். பாசத்தால் செய்வதுதான். ஆனால் வாரக்கணக்கில் படுத்தே இருப்பவரின் கால் தசை மெலிகிறது, மூச்சு சீக்கிரம் வாங்குகிறது, பசி குறைகிறது. சில மாதங்களில் கழிப்பறைக்குப் போகவும் துணை தேவைப்படுகிறது. இந்தத் தளர்ச்சி முழுவதும் நோயாலும் மருந்தாலும் வந்தது என்று நினைக்கிறோம். அதில் ஒரு பங்கு படுக்கையால் வந்தது.

ஒரு காலத்தில் மருத்துவர்களும் ஓய்வைத்தான் வலியுறுத்தினார்கள். இன்று அந்தக் கருத்து மாறிவிட்டது. உடற்பயிற்சியைப் புற்றுநோய் சிகிச்சையின் வழக்கமான பகுதியாகவே சேர்க்க வேண்டும் என்று ஆஸ்திரேலியப் புற்றுநோய் மருத்துவ அமைப்பான 'கோசா' 2018-இல் அறிவித்தது.

ஆய்வு காட்டிய உண்மை

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடித்த 889 பேரை வைத்து 'சேலஞ்ச்' என்ற ஆய்வு நடந்தது. பெரும்பாலோர் கனடாவையும் ஆஸ்திரேலியாவையும் சேர்ந்தவர்கள். ஒரு பாதியினருக்கு உடல்நலக் கையேடுகள் மட்டும் கொடுத்தார்கள். மறு பாதியினருக்கு மூன்று ஆண்டுகள் பயிற்சியாளரின் வழிகாட்டலும் கிடைத்தது. முடிவுகள் 2025-இல் வெளியாயின. ஐந்து ஆண்டுகள் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 80.3 சதவீதம், மற்ற குழுவில் 73.9 சதவீதம். எட்டு ஆண்டுகளில் உயிருடன் இருந்தவர்கள் முறையே 90.3, 83.2 சதவீதம்.

அவர்கள் செய்தது பெரும்பாலும் கடினமான பயிற்சி அல்ல. வாரத்தில் மூன்று நான்கு நாள், முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேகமாக நடப்பதற்கு ஈடான அளவுதான். தசை, மூட்டு வலிகள் பயிற்சிக் குழுவில் சற்று அதிகம் வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். இந்த முடிவு பெருங்குடல் புற்றுநோய்க்கானது. எல்லா வகைக்கும் அப்படியே பொருத்திவிடக் கூடாது. இந்தப் பயிற்சி கீமோவுக்குப் பதிலாக அல்ல, கீமோவுக்குப் பிறகு செய்யப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது.

களைப்புக்கு மருந்து

கீமோ, ரேடியேஷன் எடுப்பவர்களை அதிகம் வாட்டுவது களைப்பு. எவ்வளவு தூங்கினாலும் இது தீராது. அளவான நடை இதைக் குறைக்கிறது. மனச்சோர்வும் பதற்றமும் தணிகின்றன. இந்தப் பலன்களுக்கு 2019-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் சொல்லும் அளவு: வாரம் மூன்று நாள் 30 நிமிடம் மிதமான நடை, இரண்டு நாள் தசை வலுவுக்கான பயிற்சி.

முதல் நாளே அரை மணி நேரம் வேண்டாம். வீட்டு வராந்தாவிலோ மொட்டை மாடியிலோ ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை போதும். முடிகிறபோது வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச மூச்சு போதவில்லையென்றால் வேகம் அதிகம். கீமோ ஏற்றிய முதல் சில நாள்களில் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். வெயிலைத் தவிர்க்க பஜ்ருக்குப் பிறகோ அஸருக்குப் பிறகோ நடப்பது நல்லது. தசைக்கு, நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காருவதே போதுமான தொடக்கம்.

கவனிக்க வேண்டியவை

மார்பகப் புற்றுநோய்க்கு அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்த பெண்களிடம், "அந்தக் கையால் எதையும் தூக்காதே, வீங்கிவிடும்" என்று சொல்வது வழக்கம். கை வீக்கம் உள்ள 141 பெண்களிடம் நடத்தி 2009-இல் வெளியான ஆய்வில், சிறுகச் சிறுக எடை கூட்டிப் பயிற்சி செய்தவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. ஆனால் பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தந்த பிறகே தொடங்க வேண்டும்.

சில கீமோ மருந்துகளால் பாதங்கள் மரத்துப்போகும். இவர்கள் ஈரத் தரையில் வழுக்கி விழும் ஆபத்து அதிகம். குளியலறையிலும் உளூச் செய்யும் இடத்திலும் கைப்பிடியும் வழுக்காத விரிப்பும் போடுங்கள். நின்றுகொண்டு கால் கழுவாமல், உட்கார்ந்து உளூச் செய்யட்டும்.

எலும்புக்கு நோய் பரவியவர்கள் குனிவது, திரும்புவது, எடை தூக்குவது எல்லாவற்றையும் மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும். வயிற்றில் அறுவை சிகிச்சை செய்தவர்களும் அப்படியே. ருகூவும் ஸஜ்தாவும் வலி தந்தால் நாற்காலியில் அமர்ந்து தொழ மார்க்கத்தில் சலுகை உண்டு. பிறர் என்ன நினைப்பார்களோ என்று சிரமப்பட வேண்டியதில்லை. இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்துகளும் உள்ளன. தங்கள் மருந்து அந்த வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உடனே நிறுத்த வேண்டிய நேரம்

நெஞ்சு வலி, தலைசுற்றல், வழக்கமில்லாத மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், புதிய எலும்பு வலி, இரத்தக் கசிவு ஆகியவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்தி மருத்துவமனையை அணுக வேண்டும். கீமோ காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் காலை வரை காத்திருக்கக் கூடாது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது அது உயிருக்கு ஆபத்தான தொற்றாக இருக்கலாம். தட்டணுக்களோ ஹீமோகுளோபினோ மிகவும் குறைந்திருக்கும் நாள்களில் எவ்வளவு நடக்கலாம் என்பதையும் மருத்துவரே சொல்ல வேண்டும்.

நாம் செய்யக் கூடியது

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, என்ன சாப்பிடலாம் என்று கேட்பதோடு, "எவ்வளவு நடக்கலாம்? எதைச் செய்யக் கூடாது?" என்றும் கேளுங்கள். பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பச் சொல்லுங்கள். தனியாக வெளியே நடக்கக் கூச்சப்படும் பெண்களுடன் மகளோ மருமகளோ கூடவே நடக்கலாம். நலம் விசாரிக்க வருபவர்களும் கட்டிலைச் சுற்றி அமராமல், நோயாளியால் முடிந்தால் முற்றத்தில் நான்கு சுற்று உடன் நடந்துவிட்டுப் போகலாம். நன்றாக இல்லாத நாளில் நடக்கவில்லை என்று அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். கீரை ஆய்வது, துணி மடிப்பது போல அவரால் முடிந்த சிறு வேலைகளை அவரிடமே விட்டுவிடுங்கள். குடும்பத்துக்குத் தன்னால் இன்னும் ஆக வேண்டியது இருக்கிறது என்ற எண்ணம் நோயாளிக்குப் பெரிய தெம்பு. அல்லாஹ் எல்லா நோயாளிகளுக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக.