பட்டமா, மட்டமா?

கண்ணாடி முன்னாடி நின்னு சத்தமே வராம 'பட்டம்', 'மட்டம்'னு சொல்லிப் பாருங்க மக்களே. உதடு ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் அசையுது, இல்லையா?

1880-ல் மிலான் மாநாட்டில், காது கேளாத பிள்ளைகளுக்கு இனி சைகை வேண்டாம், உதட்டைப் பார்த்தே படிக்கட்டும்னு தீர்மானம் போட்டாங்க. வந்திருந்த 164 பேரில் காது கேளாதவர் ஒருத்தர்தான், அமெரிக்க ஆசிரியர் ஜேம்ஸ் டெனிசன். (பொண்ணைக் கேக்காமலே நிச்சயம் பண்ண கதை!)

அப்புறம் என்ன... காது கேளாத ஆசிரியர்கள் பலருக்கு வேலை போச்சு. பல பள்ளிகளில் சைகை செஞ்ச பிள்ளைக்குக் கையில் அடி. பாதி நேரம் பாடத்தை ஊகிக்கிறதிலேயே போயிருக்கும்.

அந்தத் தீர்மானங்களை நிராகரிச்சு வருத்தம் தெரிவிச்சது 2010, வான்கூவர் மாநாட்டில். முழுசா 130 வருஷம்.