கூபாவின் தாளமும் கோடம்பாக்கமும்

சென்ற ஆண்டுப் பொங்கல் விழாவின் கலைநிகழ்ச்சிகளைத் திட்டமிட நம்மவர் சிலர் கூடியிருந்தபோது சிறியதொரு வாக்குவாதம் எழுந்தது. இந்நகரிலேயே பிறந்து, பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயிலும் சிறுமி ஒருத்தி, 'பார்த்த ஞாபகம் இல்லையோ' என்னும் திரைப்பாடலைப் பாட விரும்பினாள். "அது கிளப் பாட்டு. மேல்நாட்டுச் சரக்கு. தமிழர் திருநாளில் அதற்கு என்ன வேலை?" என்று மறுத்தார் பெரியவர் ஒருவர். சிறுமி வேறொரு பாடலைப் பாடினாள், கைதட்டலும் பெற்றாள். அவள் தானே விரும்பித் தேர்ந்துகொண்ட தமிழ்ப் பாடல் மட்டும் அரங்கேறவில்லை. அன்று யானும் வாளாவிருந்தேன். மறுமொழி கூறுவதற்கு அப்பாடலின் வரலாறு எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பின்னர்த் தேடிப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இம்மலரில் அன்பர்கள் முன் வைக்கின்றேன். இற்றைக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன், ஏறத்தாழ 1955 முதல் 1965 வரையிலான பத்தாண்டுக் காலத்தில், இலத்தீன் அமெரிக்க ஆட்ட இசை தமிழ்ப் பாட்டுக்குள் குடியேறிய கதை இது.

தாளம் பிறந்த இடம்

இசுபானியர் ஆண்ட கூபாத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். 1886ஆம் ஆண்டுவரை அங்கு அடிமை முறை நீடித்தது. ஆண்டைகளின் கிதாரும் பாட்டும் ஒருபுறம். அடிமைகளின் முரசும் ஆட்டமும் மறுபுறம். இரண்டும் கலந்த கலவையே கூபாவின் இசை. அதே கரீபியக் கடலிலுள்ள மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு 1850களில் தமிழ்க் கூலித் தொழிலாளரும் கப்பலேறினர். தப்பும் மாரியம்மன் வழிபாடும் அவர்களுடன் சென்றன. ஆகவே, கரும்புத் தோட்டத்துக் கண்ணீரில் முளைத்த இசை நமக்கு முற்றிலும் புறம்பானது என்று கூறுவதற்கில்லை.

கூபா இசையின் உயிர்நாடி 'கிளாவே' எனப்படும் தாள முறை. கைக்கடங்கும் இரு மரக்குச்சிகளை ஒன்றோடொன்று தட்டி ஐந்து அடிகளை எழுப்புவர். அந்த ஐந்து அடிகளும் பதினாறு நுண்மாத்திரைகளில் சமனாகப் பரவாமல், 3, 3, 4, 2, 4 என்ற இடைவெளியில் விழும். இதனை நம் சொற்கட்டால் சொல்லிப் பாருங்கள்: தகிட, தகிட, தகதிமி, தக, தகதிமி. ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்திலும் கையைத் தட்டினால் கூபாவின் தாளம் தானே வந்துவிடும்! எட்டினை மூன்று, மூன்று, இரண்டு எனப் பகுத்து, நேர் நடையினூடே ஒரு துள்ளலை எழுப்புவது நம் மிருதங்க வித்துவான்களுக்குக் கைவந்த கலை. இத்தாளம் தமிழ்ச் செவிக்கு ஏன் கசக்கவில்லை என்பதற்கு இதனினும் வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

உலகை ஆட்டிய ஆட்டங்கள்

1930இல் டான் அஸ்பியாசுவின் ஹவானா இசைக்குழு நியூயார்க்கில் பதிவுசெய்த கடலை விற்பவன் பாட்டு, 'ரும்பா' என்னும் பெயரை உலகெங்கும் பரப்பியது. 1949இல் கூபாவிலிருந்து மெக்சிகோவுக்குப் பெயர்ந்திருந்த பெரஸ் பிராடோ 'மாம்போ' இசைத்தட்டுகளை வெளியிட்டார். 1953இல் என்ரிக் ஹோரின் மாம்போவின் வேகத்தைத் தணித்து, காலடி எண்ணிக்கை எவர்க்கும் எளிதில் விளங்குமாறு 'சா சா சா' என்னும் வகையை உருவாக்கினார். 1955இல் பெரஸ் பிராடோவின் இசைத்தட்டு ஒன்று அமெரிக்க விற்பனைப் பட்டியலில் பத்து வாரம் முதலிடத்தில் நின்றது. 1958இல் பிரேசில் நாட்டு ஜோவா ஜில்பெர்ட்டோ மென்குரலில் பாடிய பாட்டோடு 'பாசா நோவா' பிறந்தது. 1964இல் அவ்வகை அமெரிக்காவையும் வென்றது.

இவ்விசை இந்தியாவுக்கு மூன்று வழிகளில் வந்தது. இசைத்தட்டும் ஹாலிவுட் படமும் முதல் வழி. பெருநகர விடுதிகளும் பாசறை நகரங்களின் மன்றங்களும் இரண்டாம் வழி. ஆங்கிலோ இந்தியர் வாழ்ந்த இரயில்வே குடியிருப்புகளின் நடன மாலைகள் மூன்றாம் வழி. நம் செகந்திராபாத்தை அடுத்த லாலாகூடாவும் அத்தகையதொரு குடியிருப்பே.

வழி எதுவாயினும், வாசிக்கத் தெரிந்த கைகள் வேண்டுமல்லவா? அவற்றைத் தந்தது பெரும்பாலும் கோவா. போர்த்துகீசியர் ஆட்சியில் அங்குள்ள தேவாலயப் பள்ளிகளில் மேல்நாட்டு இசைக்குறி எழுதவும் படிக்கவும் கற்பித்தனர். அங்ஙனம் கற்ற இளைஞர் பிழைப்பு நாடிப் பம்பாய் சென்றனர். இரவில் விடுதிகளில் ஆட்ட இசை. பகலில் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடம். அன்டோனியோ சேவியர் வாஸ் என்னும் எக்காளக் கலைஞர் 'சிக் சாக்லெட்' என்ற பெயரில் புகழ்பெற்றார். சி. ராமச்சந்திரா இசையமைத்த 'அல்பேலா' (1951) படத்தில் அவரும் அவர் குழுவினரும் திரையிலேயே தோன்றினர். மராத்தியரான ராமச்சந்திரா இசையமைப்பாளராகத் தொடங்கியதே 'வனமோகினி' (1941) போன்ற தமிழ்ப் படங்களில்தான். 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' (1958) வாயிலாக மீண்டும் தமிழுக்கு வந்தார். பம்பாய்க்கும் கோடம்பாக்கத்திற்கும் இடையே இசை இவ்வாறு இரயிலேறிப் போய்வந்தது.

வானொலி மூடிய கதவு

நம் பெரியவர் எழுப்பிய வினா புதியதன்று. 1952 முதல் 1962 வரை மைய அரசின் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் அதே வினாவை எழுப்பினார். மரபிசையில் ஆழ்ந்த பற்றுடைய அவர், மேல்நாட்டுச் சாயல் படிந்த திரைப்பாடல்களை மலினமானவை எனக் கருதினார். அகில இந்திய வானொலியில் திரையிசைக்குரிய நேரம் குறுகியது. படத் தயாரிப்பாளருடன் பிணக்கும் மூண்டது. விளைந்தது என்ன? மக்கள் கேட்பதை நிறுத்தவில்லை. முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைக் கேட்டனர். 1957 அக்டோபர் 3இல் 'விவித பாரதி' தொடங்கப்பெற்றதற்கு இதுவே முதன்மையான காரணம். கேஸ்கர் மரபிசைக்கு ஆற்றிய தொண்டு பெரிது. அதனை யாரும் மறுத்தற்கில்லை. ஆயினும், செவி விரும்பிய ஒன்றைச் சட்டத்தால் தடுக்க இயலாது என்பதையும் அப்பத்தாண்டு மெய்ப்பித்தது.

1964 என்னும் ஆண்டு

தமிழ்த் திரையிசையில் இப்போக்கு முழுமலர்ச்சி பெற்ற ஆண்டு 1964 எனத் துணியலாம். அப்போது கோலோச்சியவர்கள் மெல்லிசை மன்னர்கள் விசுவநாதன்–ராமமூர்த்தி. ஒருவர் ஆர்மோனியத்தில் மெட்டுகளைப் பொழிபவர். மற்றவர் வயலினில் தேர்ந்தவர். முழங்கால்களுக்கிடையே வைத்து விரல்களால் தட்டும் கூபாவின் இரட்டை முரசான பாங்கோஸ், அவர்களது குழுவில் தபலாவுக்கு ஒப்பான இடம்பெற்றது. கவிஞர் கண்ணதாசன் தயாரித்து நடித்த 'கறுப்புப் பணம்' படத்தில் எல்.ஆர். ஈசுவரி பாடிய கிளப் பாடல் நாடெங்கும் ஒலித்தது. ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' படத்தில் மேல்நாட்டு ஆட்டத் துள்ளல் கிளப்பை விட்டு வெளியேறி, வேலை கேட்டுப் போராடும் இளைஞனின் குரலாயிற்று. அப்படம் மறு ஆண்டே 'ப்ரேமிஞ்சி சூடு' எனத் தெலுங்கிலும் எடுக்கப்பெற்று, நம் நகரத்தார்க்கும் அறிமுகமாயிற்று.

அவ்வாண்டில் வெளிவந்த 'புதிய பறவை'க்கு வருவோம். சிவாஜி கணேசனின் சொந்தப் படம். தாதா மிராசி இயக்கம். நாயகன் சிங்கப்பூரில் துயருற்றிருக்கும் வேளையில், விடுதி மேடையில் ஒருத்தி பாடக் கேட்டு மனம் பறிகொடுக்கின்றான். அதுவே நாம் பேசும் பாடல். 1953இல் மெக்சிகோவில் தோன்றிய 'கியேன் செரா' என்னும் மெட்டோடு இதற்குள்ள உறவை இசையன்பர் பலர் எடுத்துக்காட்டுவர். அம்மெட்டு லூயிஸ் டெமெட்ரியோ, பாப்லோ பெல்ட்ரான் ருயிஸ் ஆகியோர் பெயரோடு வழங்குவது. 1954இல் நார்மன் கிம்பெல் அதற்கு ஆங்கிலச் சொற்களை அமைக்க, டீன் மார்ட்டின் பாடிப் புகழ்பெற்றார். பத்தாண்டு கழித்து அதன் சாயல் தமிழில் விழுந்தது. மூலத்தில் ஆட்டத்திற்கு அழைக்கும் மயக்கமே மிகுதி. நம் பாடலிலோ, முன்பின் அறிந்த உறவை நினைவூட்டும் ஏக்கம் மேலோங்கி நிற்கின்றது. அதனாலன்றோ, அதே பாடலைப் படத்தில் பிறிதோரிடத்தில் சோகமாகவும் ஒலிக்கச் செய்ய முடிந்தது? கடன் வாங்கிய விதையை நம் மண்ணில் ஊன்றினால் விளைச்சல் நம் மண்ணின் சுவையைத்தான் பெறும்.

தமிழ்ப் பாடலை ஆக்கியவர் யாவர்?

இனி, அதனை ஆக்கியவர்களின் ஊர்களை எண்ணிப் பார்ப்போம். எம்.எஸ். விசுவநாதன் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்த மலையாளி. ராமமூர்த்தி திருச்சிராப்பள்ளிக்காரர். பாடிய பி. சுசீலா விசயநகரத்துத் தெலுங்குப் பெண்மணி. திரையில் தோன்றிய சௌகார் ஜானகியும் தெலுங்கரே. அவர் பெயரின் முன்னொட்டே அவர் நடித்த தெலுங்குப் படத்தின் பெயர். சொல் கண்ணதாசனுடையது. மெட்டின் நிழல் மெக்சிகோவினது. அதன் தாளமோ கூபா வழியாக ஆப்பிரிக்காவினது. இத்தனை ஊராரும் கூடி ஆக்கியதைத் தமிழ்ப் பாடல் என்று ஒப்புக்கொள்ளத் தயங்கினால், வயலினையும் நாம் திருப்பித்தர நேரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடமிருந்து கற்றுத் தந்த கருவியல்லவா அது!

ஈண்டு ஒரு மனக்குறையையும் சொல்ல வேண்டும். இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் ஆகியோர் பெயர்களை இசைத்தட்டு தாங்கியது. பாங்கோஸை முழக்கியவர், எக்காளம் ஊதியவர், அக்கார்டியன் மீட்டியவர் ஆகியோர் பெயர்கள் பெரும்பாலும் அதில் இடம்பெறவில்லை. டிரம்ஸ் வாசித்த நோயல் கிராண்ட், உதவி இசையமைப்பாளர் ஹென்றி டேனியல் போன்ற சிலர் பெயர்களே நமக்குக் கிட்டுகின்றன. 1964இன் இறுதியில் வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' படம் இக்குறையைச் சிறிது போக்கியது எனலாம். 'அவளுக்கென்ன' பாடலில் ஒலிப்பதிவுக் கூடமே காட்சியாயிற்று, விசுவநாதனும் டி.எம். சௌந்தரராசனும் மட்டுமன்றி, வாத்தியக்காரர்களும் திரையில் தோன்றினர். நாம் கேட்டு மகிழ்ந்த இசைக்குப் பின்னிருந்த கைகளை ஒருமுறையேனும் கண்ணால் கண்டோம். 1965இல் இரட்டையர் பிரிந்தபோது அப்பத்தாண்டும் ஒருவாறு நிறைவெய்திற்று.

'கிளப் பாட்டு' என்னும் பழி

இத்தாளத்தின்மேல் பழி படிந்ததற்குத் திரைக்கதைகளே பெரும் பொறுப்பு. குலமகளுக்கு வீணை, கெட்டுப்போனவளுக்கு மாம்போ. இவ்வாறு படங்கள் பாகுபாடு செய்தன. தாளம் என்ன தவறு செய்தது? நம் சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடல்களைக் கடலாடு காதை விரித்துரைக்கின்றது. தெய்வங்கள் ஆடியனவாகவே அவற்றை இளங்கோவடிகள் சொல்கின்றார். ஆடியவள் கணிகையர் குலத்தவள் என்பதற்காக ஆடலை அவர் இழித்துரைக்கவில்லை.

எல்.ஆர். ஈசுவரியின் வாழ்வே இதற்கு நிகழ்காலச் சான்று. லூர்து மேரி ராசேசுவரி என்னும் இயற்பெயருடைய கிறித்தவப் பெண்மணி அவர். 'பாசமலர்' (1961) படத்தின் திருமணப் பாடலால் வீடுதோறும் புகழ்பெற்றார். பின்னர்க் கிளப் பாடல் என்றாலே அவர்தாம் என்ற நிலை வந்தது. அதே குரல் பிற்காலத்தில் மாரியம்மன் பாடல்களைப் பாடிற்று. ஆடி மாதம் பிறந்தால் அக்குரல் ஒலிக்காத அம்மன் கோயில் தமிழகத்தில் அரிது. செகந்திராபாத்தில் போனாலு விழா நடக்கும் அதே மாதத்தில், நம்மவர் இல்லங்களிலும் அக்குரலைக் கேட்கின்றோம், கைகூப்புகின்றோம். குரல் ஒன்றே, இடமும் பொருளுமே மாறின.

நிறைவாக

நாம் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். வந்த இடத்தில் 'இவர்கள் வேற்றார்' என்று எவரேனும் சொன்னால் நம் உள்ளம் எவ்வளவு நோகும்! இரண்டு தலைமுறை இம்மண்ணில் உழைத்த பின்னும் அச்சொல் கேட்க நேர்வதுண்டு. அங்ஙனமிருக்க, அறுபது ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டுக்கு வந்து, நம் மொழியைக் கற்று, நம் மகிழ்ச்சியையும் ஏக்கத்தையும் பாடிய ஒரு தாளத்தை நாமே வாயிற்படியில் நிறுத்தலாமா?

அந்தப் பெரியவர்பால் எனக்கு மதிப்பு உண்டு. தமிழ் கலைந்துவிடுமோ என்ற அச்சத்தால் அவர் பேசினார். அவ்வச்சம் அயலகத்தில் வாழும் நம் எல்லோர்க்கும் உரியதே. எனினும், தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் ஒரு குழந்தை, அப்பாடலின் சொற்களை ஒன்றும் பிழையின்றி மனப்பாடம் செய்து வந்திருந்தாள். அவள் வாயில் தமிழைக் கொண்டு சேர்த்தது கூபாவின் தாளமே. அடுத்த பொங்கலுக்கு அவள் அப்பாடலையே பாடட்டும். முன்வரிசையில் அமர்ந்து, 'தகிட தகிட தகதிமி தக தகதிமி' என்று தொடையில் தாளமிட யான் காத்திருப்பேன்; அப்பெரியவரும் உடன் அமர்ந்து கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.