பழைய டொஸ் கணினியில் மௌஸ் இயங்க

ஊர் அச்சகமொன்றின் பழைய கணினியில் எங்கள் வாசிகசாலை மலரின் பக்கங்கள் முடங்கிக் கிடந்தன. அவற்றைத் திறக்கும் மென்பொருளுக்கு மௌஸ் கட்டாயம். எம்எஸ்-டொஸ் 6.22 தானாக மௌஸைத் தேடிப் பிடிக்காது; ட்ரைவரை நாம்தான் ஏற்றவேண்டும். ட்ரைவர் தட்டு தொலைந்திருந்ததால் இலவசமாகக் கிடைக்கும் கியூட்மௌஸைப் பிரதிசெய்து, அதை அழைக்கும் வரியை ஓட்டோஎக்ஸெக்.பாட் கோப்பில் சேர்த்தேன். வின்டோஸைத் தொடங்கும் வரி அதில் இருந்தால், இது அதற்கு முன்னால் வரவேண்டும். மௌஸையும் முதலே செருகிவிடுங்கள், ட்ரைவர் ஏறும்போதுதான் தேடும்.

அப்படியும் அம்பு அசையவில்லை. என் அரைநாளைத் தின்றது இதுதான்: மௌஸ் கொம்1 இல், உள்மோடம் கொம்3 இல். இரண்டுக்கும் வழக்கமாக ஐஆர்கியூ 4 தான். மௌஸைக் கொம்2 க்கு மாற்றினேன், அசைந்தது. மலரில் மூன்று பக்கங்கள் மட்டும் இன்னும் திறக்கவில்லை.