மணல்வாரி வந்த மார்கழி



வரலாறு என்றாலே ராஜா, போர், கோட்டை என்றுதான் நமக்குப் பழக்கம். கடலூர் என்றால் செயின்ட் டேவிட் கோட்டை, சிதம்பரம் என்றால் சோழர்கள் வேய்ந்த பொற்கூரை. இந்தத் தடவை வேறு ஒரு வரலாறு எழுதுகிறேன். காய்ச்சல் கண்ட பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்த அம்மாக்களின் வரலாறு. அதில் ஒரு சின்னத் துண்டு எங்கள் வீட்டிலேயே நடந்தது. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அக்காவுக்கு வந்த அம்மை

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பௌர்ணமி. சுனாமி வந்த நாள். கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். எங்கள் ஊர் பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமம். எனக்கு அப்போது எட்டு மாதம். அக்காவுக்கு ஆறு வயது. அப்பா கடலுக்குப் போகாத நாள் என்பதால் நாங்கள் நாலு பேரும் பிழைத்தோம். தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் புகுந்து பாத்திரம், துணி எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டது. மேலே பரணில் இருந்த தகரப்பெட்டி மட்டும் தப்பியது. அதில்தான் எங்கள் இருவரின் தடுப்பூசி அட்டைகளும் இருந்தன.

நிவாரண முகாமுக்கு நாலைந்து நாளில் நர்ஸ் அம்மாக்கள் வந்தார்கள். தட்டம்மை ஊசி. எங்கள் பக்கம் இதை மணல்வாரி என்பார்கள். உடம்பு முழுக்க மணலை வாரி இறைத்த மாதிரி பொரிப்பொரியாக வருவதால் அந்தப் பெயர். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் போட்டார்கள். எனக்குப் போட்டார்கள். அக்காவையும் அம்மா முன்னால் தள்ளியிருக்கிறார். "அஞ்சு வயசுக்கு மேல இல்லம்மா. அதுக்குத்தான் குழந்தையிலேயே போட்டாச்சே" என்று சொல்லிவிட்டார்கள். அட்டையில் அது உண்மையாகவே இருந்தது.

சுனாமி வந்த ஒன்பதாம் நாள் அக்காவுக்கு உடம்பு முழுக்கப் பொரிந்துவிட்டது.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் காதில் சீழ் வைத்து, பல வாரம் ஒழுகியது. இன்றைக்கும் அக்காவின் இடது பக்கம் நின்று பேசினால் "என்னடா?" என்று திரும்பிக் கேட்பாள். அம்மாவோ இருபது வருடமாகத் தன்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருடம் ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டு ஊற்றாமல் விட்டதாம். "முகாம்ல அத்தனை பேர் நடுவுல படுக்க வெச்சேன், நான்தான் வாங்கிக் கொடுத்தேன்" என்று இன்னொரு பக்கம்.

அது உண்மையா என்று தேடப் போய்தான் இந்தக் கட்டுரை வந்தது.

தாயின் பெயர் வைத்த நோய்

அம்மை என்றால் தாய். பிள்ளைகளை வாரிக்கொண்டுபோன ஒரு நோய்க்குத் தாயின் பெயரை வைத்திருக்கிறோம்! உடம்பில் அவளே இறங்கியிருக்கிறாள் என்பது நம்பிக்கை. அதனால்தான் "அம்மை வந்துவிட்டது" என்றுகூடச் சொல்லாமல் "அம்மா விளையாடுறா" என்பார்கள் பாட்டிகள்.

பெரியம்மை, தட்டம்மை, சின்னம்மை மூன்றும் வேறு வேறு கிருமிகளால் வருபவை. ஆனால் வீட்டில் மூன்றுக்கும் ஒரே சட்டம்தான். வாசலில் வேப்பிலை. வெளியாட்கள் வரக்கூடாது. தாளிக்கக் கூடாது. தலை வாரக் கூடாது. நோயாளிக்குத் தனிப் படுக்கை. மூன்றாம், ஐந்தாம், ஏழாம் நாள் என்று ஒற்றைப்படை நாளில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தலைக்குத் தண்ணீர். உலகத்தின் மற்ற இடங்களிலும் இவற்றைப் பிரித்துப் பார்க்க நாளானது. பாரசீக மருத்துவர் அல் ராஸி, பெரியம்மையும் தட்டம்மையும் வேறு வேறு என்று எழுதியது சுமார் 1100 வருடங்களுக்கு முன்புதான்.

இந்தச் சட்டங்களைக் கேலி செய்வது சுலபம். யோசித்துப் பாருங்கள், கிருமி என்ற சொல்லே தெரியாத காலத்தில் நம் பாட்டிகள் நோயாளியைத் தனிமைப்படுத்தியிருக்கிறார்கள். வாசலில் தொங்கிய வேப்பிலை ஒரு அறிவிப்புப் பலகை. "உள்ளே வராதே" என்று படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும்.

பெரியம்மை விஷயத்தில் இது நன்றாகவே உதவியிருக்கும். அந்த நோய் பெரும்பாலும் பொரிப்பு தெரிந்த பிறகுதான் பரவும். தட்டம்மை அப்படியில்லை. பொரிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும். அந்த நாலு நாளும் வெறும் சளி, இருமல், கண் சிவப்பு, காய்ச்சல்தான். பிள்ளை பள்ளிக்கூடம் போகும், பக்கத்து வீட்டில் விளையாடும். அம்மா வேப்பிலை ஒடிக்கப் போகும்போது கிருமி தெருவைத் தாண்டியிருக்கும். வேப்பிலை நாலு நாள் தாமதம்!

இன்னொரு சட்டம் ஆபத்தானது. அம்மை கண்டால் மருத்துவரிடம் போகக் கூடாது, மருந்து கொடுத்தால் அம்மன் கோபிப்பாள் என்பது. தட்டம்மை நேரடியாகக் கொல்வதைவிட, பின்னாலேயே வரும் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும்தான் அதிகம் கொல்லும். சத்துக் குறைந்த பிள்ளைகளுக்கு உடம்பிலுள்ள வைட்டமின் ஏ வற்றிப்போய்க் கண்ணே போகலாம். அதனால்தான் தட்டம்மை வந்த பிள்ளைக்கு வைட்டமின் ஏ சொட்டு கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தச் சத்து எவ்வளவு முக்கியம் என்று காட்டிய பெரிய ஆய்வுகளில் ஒன்று நம் திருச்சி மாவட்டத்தில் நடந்தது. 15,419 சின்னப் பிள்ளைகளை வைத்து நடந்த அந்த ஆய்வு 1990ல் வெளியானது. வாரா வாரம் கொஞ்சம் வைட்டமின் ஏ கிடைத்த பிள்ளைகளிடையே சாவு 54 சதவீதம் குறைவு.

பெரியம்மை போனது, மணல்வாரி நின்றது

இந்தியாவில் முதல் அம்மைப்பால் குத்தப்பட்டது 1802 ஜூன் 14 அன்று, பம்பாயில், அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு. அப்போது பாட்டில் கிடையாது, குளிர்பெட்டி கிடையாது. ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்த குழந்தையின் கையில் வைத்தார்கள். பிள்ளைகளின் கைகள் வழியாகவே மருந்து ஊர் ஊராகப் போனது. முன்பின் தெரியாத ஒரு வீட்டுப் பிள்ளையின் கொப்புளத்தை நம்பித் தன் பிள்ளையின் கையை நீட்ட வேண்டும். அந்தத் தாய்களின் மனசு என்ன பாடுபட்டிருக்கும்?

இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி 1975 மே மாதம். 1980ல் உலகத்தை விட்டே அது ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

தட்டம்மைக் கிருமியை 1954ல் அமெரிக்காவின் பாஸ்டனில் எண்டர்ஸ், பீபிள்ஸ் என்ற இருவர், டேவிட் எட்மன்ஸ்டன் என்ற பள்ளி மாணவனிடமிருந்து பிரித்தெடுத்தார்கள். 1963ல் தடுப்பூசி வந்தது. அதற்கு முன்பு உலகத்தில் வருடத்துக்கு சுமார் 26 லட்சம் பேர் தட்டம்மையால் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்தியாவில் 1985ல் தொடங்கிய அனைவருக்குமான தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மை ஊசியும் சேர்ந்தது. ஒன்பதாம் மாதத்தில் ஒரே ஒரு ஊசி.

ஏன் ஒன்பதாம் மாதம்? தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குழந்தையின் ரத்தத்தில் சில மாதம் தங்கியிருக்கும். அது இருக்கும்போது ஊசி போட்டால் சரியாகப் பிடிக்காது. ரொம்பத் தள்ளிப் போட்டாலோ, அதற்குள் நோய் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் பார்த்து வைத்த மாதம் அது. முகாமில் எட்டாம் மாதம் ஊசி போட்ட எனக்கு ஒன்பது முடிந்ததும் மறுபடி போட்டது இதனால்தான். "போன மாசம்தானே போட்டீங்க?" என்று அம்மா சண்டை போட்டாராம்!

கடலூரில் துப்பறிந்தவர்கள்

இப்போது எங்கள் வீட்டுக் கேள்விக்கு வருகிறேன். சுனாமிக்கு அடுத்து கடலூரில் வந்த தட்டம்மை பற்றி மோகன், முர்ஹேகர், குப்தே உள்ளிட்ட ஐந்து பேர் எழுதிய ஆய்வு ஒன்று 2006ல் வெளிவந்திருக்கிறது. படித்தபோது எனக்குத் துப்பறியும் கதை மாதிரியே இருந்தது.

சுனாமி 26ஆம் தேதி. 29ஆம் தேதி பாதிக்கப்பட்ட ஊர்களில் தட்டம்மை ஊசி ஆரம்பம். 30ஆம் தேதியே கடலூர் மாவட்டத்தில் ஒரே இடத்தில் பலருக்குத் தட்டம்மை என்று தகவல். எல்லோரும் என்ன நினைப்பார்கள்? அலை வந்தது, முகாமில் நெருக்கியடித்துப் படுத்தார்கள், நோய் வந்தது.

ஆனால் தேதியைப் பாருங்கள். கிருமி உடம்புக்குள் போன பிறகு பொரிப்பு வெளியே தெரிய சுமார் இரண்டு வாரம் ஆகும். 26ஆம் தேதி முகாமில் ஒட்டியிருந்தால் 30ஆம் தேதி எப்படித் தெரியும்? மொத்தம் 101 பேருக்கு நோய் வந்திருந்தது. 71 பேர் சுனாமி பாதித்த ஊர்க்காரர்கள். 30 பேர் அலையே வராத ஊர்க்காரர்கள். ஆயிரம் பேருக்கு எத்தனை என்று கணக்குப் போட்டால் பாதித்த ஊர்களில் 1.3, பாதிக்காத ஊர்களில் 1.7. பாதித்த ஊர்களில் நோய் கண்டவர்களில் 42 சதவீதம் பேருக்கு சுனாமி நடந்து 14 நாளுக்குள்ளேயே நோய் ஆரம்பித்துவிட்டது. கிருமியின் மரபணுவைப் பார்த்தபோது அது ஏற்கெனவே தமிழ்நாட்டில் சுற்றிக்கொண்டிருந்த டி8 வகை. ஆக, அலைக்கும் அம்மைக்கும் சம்பந்தமில்லை என்பது முடிவு. கடல் உள்ளே வருவதற்கு முன்பே கிருமி ஊருக்குள் இருந்திருக்கிறது.

சரி, தமிழ்நாட்டில் 95 சதவீதத்துக்கும் மேல் பிள்ளைகளுக்கு ஊசி போட்டிருந்தார்களே, பின் எப்படி?

100 பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். 95 பேருக்கு ஊசி போட்டாச்சு. ஒன்பதாம் மாதத்தில் போடும் ஊசி 100க்கு சுமார் 85 பேருக்குத்தான் பிடிக்கும். 95ல் 85 சதவீதம் என்றால் சுமார் 81. மிச்சம் 14 பேருக்கு ஊசி போட்டும் பயனில்லை. போடாத 5 பேரையும் சேர்த்தால் 19 பேர். வருடா வருடம் இப்படி 19, 19 என்று சேர்ந்துகொண்டே போகும். ஒரு நாள் கிருமி வரும்போது அத்தனை பேரும் காய்ந்த சருகு மாதிரி காத்திருப்பார்கள்.

இப்படி நாள்பட்டுச் சேர்வதன் முழு வடிவத்தை 1846லேயே டென்மார்க் மருத்துவர் பானும் பார்த்துவிட்டார். ஃபாரோ தீவுகளுக்கு 65 வருடம் தட்டம்மை வரவேயில்லை. வந்தபோது சுமார் 7,800 பேரில் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். 1781ல் வந்துபோன வயதானவர்களுக்கு மட்டும் மறுபடி வரவில்லை.

கடலூர் ஆய்வில் இன்னொரு எண் என்னை நிறுத்தியது. சுனாமி பாதித்த ஊர்களில் நோய் கண்டவர்களில் 36 சதவீதம் பேர் ஐந்து வயதைத் தாண்டியவர்கள். அதாவது முகாமில் ஊசி போடாத வயது. எங்கள் அக்காவின் வயது. இனி இதுபோன்ற நேரத்தில் ஆறு மாதம் முதல் 14 வயது வரை போட வேண்டும், இரண்டாவது ஊசிக்கும் வழி வேண்டும் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இரண்டாவது ஊசி

2010லிருந்து இந்தியாவில் தட்டம்மைக்கு இரண்டாவது ஊசி வர ஆரம்பித்தது. இப்போது 9-12 மாதத்தில் ஒன்று, 16-24 மாதத்தில் ஒன்று. இரண்டாவது ஊசி முதல் ஊசியின் பலத்தைக் கூட்டுவதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். முக்கியமான வேலை வேறு. முதல் தடவை பிடிக்காமல் போன அந்த 14 பேருக்கு இன்னொரு வாய்ப்பு.

2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா ஊசி தமிழ்நாட்டில் 15 வயது வரை எல்லோருக்கும் போடப்பட்டது ஞாபகம் இருக்கிறதா? நாம் எல்லாம் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தோம். ஊசியால் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிய வதந்தியில் பல வீடுகளில் அனுப்ப மறுத்தார்கள். அரசு நாளை நீட்டிக்க வேண்டியிருந்தது. எங்கள் வகுப்பில் அன்றைக்குப் பாதிப் பேர் லீவு. என்னை அம்மா தலை வாரி அனுப்பிவைத்தார். "ஒரு ஊசி பத்தலைன்னு எனக்குத் தெரியும்" என்றார். எந்த ஆய்வையும் படிக்காமலே அவருக்கு அது தெரிந்திருக்கிறது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவை உட்கார வைத்துத் தேதிகளைச் சொன்னேன். அக்காவுக்கு ஒன்பதாம் நாளே பொரிந்ததால் அலை வருவதற்கு முன்பே, பெரும்பாலும் தெருவிலோ பள்ளிக்கூடத்திலோ தொற்றியிருக்கும். முகாமும் காரணமில்லை, கூழும் காரணமில்லை. நீ போட வேண்டிய ஊசியைப் போட்டிருந்தாய், அது பிடிக்காத 14 பேரில் அக்கா ஒருத்தி, அவ்வளவுதான் என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்த அலை வராத ஊர்ல இருந்த முப்பது பேரும் அவங்கவங்க அம்மாவும் என்ன நெனச்சிருப்பாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அக்காவுக்கு இப்போது ஒன்றரை வயதில் மகன் இருக்கிறான். இரண்டாவது ஊசிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போனது அம்மாதான். அந்த வருடம் விட்டுப்போன கூழை இந்த ஆடியில் ஊற்றப்போகிறாராம். ஊற்றட்டும். இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் வீட்டிலும் பழைய தடுப்பூசி அட்டை இருந்தால் எடுத்துப் பாருங்கள் நண்பர்களே. அதோடு அம்மாவையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அட்டையில் எழுதாத வரலாறு அவரிடம்தான் இருக்கும்.