கையால் வரைந்த சுருள்

வானியலின் வரலாற்றைக் கருவிகளின் வரலாறாகவே நாம் படித்துப் பழகிவிட்டோம். பெரிய தொலைநோக்கி வந்தது, அதன் பின்னால் பெரிய உண்மை வந்தது என்பதாக அந்தக் கதை செல்லும். எம்51 என்று பட்டியல்களில் குறிக்கப்பெறும் சுருள் விண்மீன் மண்டலத்தின் கதை அவ்வளவு நேரானதன்று. ஒரே பொருளை இருநூறு ஆண்டுக் காலம் பலரும் பலவாறாகக் கண்டனர். தாம் காண விரும்பியதைக் கண்டவர்களும் அவர்களுள் உண்டு.

சப்தரிஷி மண்டலத்தின் வால்முனையில் நாம் மரீசி என்றழைக்கும் விண்மீனுக்கு அருகே, வேட்டை நாய்கள் எனப் பெயர்பெற்ற மங்கலான பகுதியில் இது இருக்கிறது. பிரெஞ்சு வானியலாளர் சார்ல் மெஸ்ஸியே 1773 அக்டோபர் 13 அன்று இதைக் கண்டார். அவர் தேடியவை வால்நட்சத்திரங்கள். அவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாத மங்கல் திட்டுகளையே அவர் பட்டியலிட்டார். அப்பட்டியலில் இதன் எண் 51. 1781-இல் அவருடைய நண்பர் மெஷேன் இதையொட்டி இன்னொரு சிறு திட்டும் இருப்பதைக் கண்டறிந்தார்.

அடுத்து வந்தவர் ஜான் ஹெர்ஷல். 1833-இல் வெளியான அவருடைய படத்தில் நடுவே ஓர் ஒளிப்பொட்டு, அதைச் சுற்றி ஒரு வளையம், வளையத்தின் ஒரு பகுதி இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. நம் பால்வீதியைப் போன்றதொரு அமைப்போ என்று அவர் எண்ணினார். வரைந்த கை நேர்மையானது. ஆயினும் சுருள் அதில் இல்லை.

இனி அயர்லாந்தின் பர் கோட்டைக்குச் செல்வோம். ராஸ் பிரபு என்றறியப்படும் வில்லியம் பார்சன்ஸ் தம் நிலத்திலேயே உலை அமைத்து, அந்நாட்டுப் புல்கரியை எரித்து, செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோக ஆடியை 1842-இல் வார்த்தெடுத்தார். ஆறடி விட்டம், ஏறத்தாழ மூன்று டன் எடை. பல வாரங்கள் மெல்ல மெல்ல ஆறவிட்டு, பின் தேய்த்து மெருகேற்றவேண்டும். ஈரக்காற்றில் ஆடி விரைவில் மங்கும் என்பதால், ஒன்று பயன்பாட்டில் இருக்கையில் மற்றதை மெருகேற்றுவதற்கென இரண்டு ஆடிகள் செய்யப்பட்டன. இரு பெருஞ்சுவர்களுக்கு நடுவே தொங்கிய அக்குழாயை மேலும் கீழும் உயர்த்தித் தாழ்த்தலாம். பக்கவாட்டில் சிறிதே நகரும். ஒரு பொருள் தன் போக்கில் அந்த இடைவெளியைக் கடந்து செல்லும் வரைதான் அதைப் பார்க்க முடியும்.

1845-இன் தொடக்கத்தில் ராபின்சன், ஜேம்ஸ் சவுத் என்னும் இரு தேர்ந்த வானியலாளர்கள் ராஸோடு அந்தத் தொலைநோக்கியில் பார்த்தனர். வான்புகைத் திட்டுகள் விண்மீன்களாகப் பிரிகின்றனவா என்பதே அன்றைய பெரிய வழக்கு. புள்ளிகளைத் தேடியவர்கள் புள்ளிகளைக் கண்டார்கள். வடிவத்தைப் பற்றி அவர்கள் ஒன்றும் எழுதவில்லை. அந்த வசந்த காலத்திலேயே ராஸ் அதே பொருளில் சுருளைக் கண்டு வரைந்தார். மையத்திலிருந்து விரியும் வளைந்த கைகளும், அவற்றுள் ஒன்று துணைத்திட்டை நோக்கி நீள்வதும் அப்படத்தில் தெளிவாக இருந்தன. ஜூனில் கேம்பிரிட்ஜில் கூடிய பிரிட்டிஷ் சங்கத்தின் மாநாட்டில் அவ்வோவியம் காட்டப்பெற்றது.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட பெரும்பஞ்சம் அது. ராஸ் நிவாரணப் பணிகளில் இறங்கினார். உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி ஆண்டுக்கணக்கில் பெரும்பாலும் வேலையற்று நின்றது. வானியல் நூல்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. சுருளைக் கண்ட ஆண்டும் பஞ்சம் தொடங்கிய ஆண்டும் ஒன்றே என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை.

ராஸின் கண் எப்போதும் வென்றது என்றும் சொல்லிவிட முடியாது. ஓரியன் வான்புகையையும் விண்மீன்களாகப் பிரித்துவிட்டதாக அவர் நம்பினார். அது வாயுத்திரள் என்பது பின்னர் நிறமாலை ஆய்வினால் உறுதியாயிற்று. ஆனால் எம்51-இன் சுருளை 1889-இல் ஐசக் ராபர்ட்ஸ் எடுத்த ஒளிப்படம் மெய்ப்பித்தது.

ஒளிப்படம் வந்தபின் பிழை நின்றுவிடவில்லை. மவுண்ட் வில்சன் ஆய்வகத்தின் வான் மானன், பல ஆண்டு இடைவெளியில் எடுத்த தகடுகளை ஒப்பிட்டு, சுருள்கள் கண்ணெதிரே சுழல்வதாக அளந்து அறிவித்தார். அது உண்மையானால் அவை மிக அருகில் இருந்தாகவேண்டும். தொலைவில் இருந்தால் ஒளியையும் விஞ்சும் வேகம் தேவைப்படும். 1920-இல் ஷாப்லி, கர்ட்டிஸ் இருவரும் மோதிய புகழ்பெற்ற விவாதத்தில் ஷாப்லிக்கு இவ்வளவீடு ஒரு பெருந்துணை. 1923-இல் ஹபிள், ஆந்திரமேடாவில் செஃபீட் வகை மாறொளி விண்மீனைக் கண்டதும் அவ்வாதம் சரிந்தது. சுருள்கள் நம் பால்வீதிக்கு வெளியே உள்ள தனி உலகங்கள். எம்51 ஏறத்தாழ மூன்று கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அவ்வளவு தொலைவிலுள்ள சுழற்சியைச் சில ஆண்டுகளில் கண்டுவிட இயலாது. வான் மானன் அளந்த அசைவு வானத்தில் இல்லாத ஒன்று.

கைகள் எவ்வாறு குலையாமல் நிற்கின்றன என்னும் கேள்வி அதன்பின் எழுந்தது. உட்புற விண்மீன்கள் விரைந்து சுற்றுவதால் சுருள் சில சுற்றுகளிலேயே நூல்கண்டுபோல் இறுகிப்போகவேண்டும். 1964-இல் லின், ஷூ இருவரும் அதற்கொரு விடை தந்தனர். சாலையில் பழுது பார்க்கும் இடத்தில் வண்டிகள் நெருங்கி நின்று பின் விலகிச் செல்கின்றன. நெரிசல் அங்கேயே இருக்க, வண்டிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. சுருளின் கையும் அத்தகைய நெரிசல் அலை. வாயு அங்கே செறிவதால் புது விண்மீன்கள் பிறந்து கையை ஒளிரச் செய்கின்றன. 1972-இல் டூம்ரே சகோதரர்கள் கணினியில் நிகழ்த்திக் காட்டிய மோதல், துணை மண்டலத்தின் ஈர்ப்பே அந்த நீண்ட கையை இழுத்தது என்பதை விளக்கிற்று. 1994, 2005, 2011 ஆகிய ஆண்டுகளில் இச்சுருளில் விண்மீன்கள் வெடித்துச் சிதறியதையும் மனிதர் கண்டனர்.

தமிழ் கற்றோர்க்குப் பாடம் வேறு, உரை வேறு என்பது தெரியும். ராஸ் அந்தச் சுருளின் தொலைவை அறியார். அதிலிருப்பவை கோடானுகோடி விண்மீன்கள் என்பதற்கும் அவரிடம் சான்றில்லை. அவருடைய காலத்து உரைகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. கண்டதைக் கண்டவாறு எழுதிவைத்த பாடம் மட்டும் நின்றது. இன்றைய விண்வெளித் தொலைநோக்கியின் படத்தருகே அந்த 1845-ஆம் ஆண்டுக் கைச்சித்திரத்தை வைத்துப் பார்ப்போர்க்கு, துணைத்திட்டை நோக்கி நீளும் அந்தக் கை இரண்டிலும் ஒன்றுபோலவே வளைந்திருப்பது புலப்படும்.