அறுபத்தைந்துக்கு மேல்

2020 ஆகஸ்ட் கடைசி வாரம் எங்கள் சேகரக் கமிட்டியிலிருந்து போன். "தம்பி, கோயில் திறக்கப் போறோம். யார் யார் வர்றாங்கன்னு முன்னாடியே பதிவு பண்ண ஒரு ஃபார்ம் போட்டுக் குடுப்பா." பல்லாவரத்தில் எங்கள் சபையில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எந்த வேலையும் என் தலையில்தான் விழும். பெயர், கைபேசி எண், வயது, எந்த ஆராதனை. கூகுள் ஃபார்மில் பத்து நிமிட வேலை. வயதுக் கட்டத்துக்கு மட்டும் ஒரு நிபந்தனை சொன்னார்கள். 10க்குக் கீழேயோ 65க்கு மேலேயோ இருந்தால் ஏற்கக் கூடாது.

வைத்தேன். ஒரே வரிதான். என் ஆச்சிக்கு அப்போது வயது 74.

அந்த 65 எங்கிருந்து வந்தது? 2020 ஜூன் 4 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் வழிபாட்டுத் தலங்களுக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. ஆறடி இடைவெளி வேண்டும். புனித நூல்களைத் தொடக் கூடாது. குழுவாகப் பாடக் கூடாது, பதிவு செய்த பாடல்களை ஒலிக்கவிடலாம். 65 வயதைக் கடந்தவர்களும், இணைநோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் வீட்டில் இருப்பது நல்லது. ஜூன் 8 முதல் திறக்கலாம் என்றது மத்திய அரசு. ஆனால் சென்னையும் சுற்றுவட்டாரமும் அப்போது தொற்றின் உச்சத்தில் இருந்தன. பல்லாவரம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்து நகராட்சி. ஜூன் 19 முதல் மாதக் கடைசி வரை மறுபடியும் கடும் ஊரடங்கு. ஜூலை, ஆகஸ்டில் எல்லா ஞாயிறும் முழு ஊரடங்கு. செப்டம்பர் 1ஆம் தேதிதான் எங்களுக்குக் கதவு திறந்தது. மார்ச் 15க்குப் பிறகு 24 ஞாயிறுகள் போயிருந்தன. குருத்தோலை ஞாயிறும் ஈஸ்டரும் அதற்குள் அடக்கம்.

இப்போது நிதானமாகப் படித்தால் ஒன்று தெரிகிறது. முதியவர்களைப் பற்றி அரசு சொன்னது அறிவுரை மட்டும். அதைத் தடையாக மாற்றியவர்கள் நாங்கள்.

பயம் நியாயமானதுதான். 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் பகுதியைச் சேர்ந்த ஒரு பாடகர் குழு ஒத்திகைக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். அறிகுறியோடு வந்த ஒருவரிடமிருந்து தொடங்கி 53 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். சேர்ந்து பாடுவதே ஆபத்து என்று உலகம் புரிந்துகொண்டது அப்படித்தான். வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து கீர்த்தனை பாடிப் பழகிய சமூகத்திடம் போய், "கோயிலுக்கு வாங்க, ஆனா பாடாதீங்க" என்றால் எப்படி இருக்கும்?

இன்னொன்றும் போனது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 1950இல் அது தனக்கென ஒரு திருவிருந்து ஆராதனை முறையை வகுத்தபோது, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து ஒரு வழக்கத்தை எடுத்துக்கொண்டது. குருவானவர் கொடுக்கும் சமாதானத்தை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் கடத்துவது. மேற்கத்திய சபைகள் பல பின்னால் இந்த வழக்கத்தை மீட்டெடுத்தபோது தென்னிந்தியா அவர்களுக்கு ஒரு முன்மாதிரியாக இருந்தது. சாதி பார்த்துத் தொடாமல் இருந்த ஊர்களில் பக்கத்தில் இருப்பவர் யாரானாலும் கையைப் பிடிக்கவைத்த சடங்கு அது. 2020 செப்டம்பரில் நாங்கள் தூரத்திலிருந்தே கும்பிட்டுக்கொண்டோம்.

கோயிலை மூடியதால் விசுவாசம் குறைந்தது என்று சொன்னவர்கள் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1576இல் மிலான் நகரத்தைப் பிளேக் தாக்கியபோது மக்கள் வீட்டுக்குள் அடைக்கப்பட்டார்கள். பேராயர் சார்லஸ் பொரோமியோ தெருமுனைகளில் பலிபீடங்களை எழுப்பவைத்தார். மக்கள் ஜன்னலிலிருந்தே பூசை கண்டார்கள். குருக்கள் தெருத்தெருவாக நடந்து வாசலில் நின்றபடி பாவசங்கீர்த்தனம் கேட்டார்கள். மணி அடித்ததும் வீடுகளுக்குள்ளிருந்து பாட்டு எழுந்தது. யூடியூப் ஆராதனைக்கு நானூறு வருட முன்னோடி என்று இதைச் சொல்லி நான்கூடப் பெருமைப்பட்டிருக்கிறேன். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மிலானில் கோயில் வாசலுக்கு வந்தது. நாங்கள் லிங்க் அனுப்பினோம்.

செப்டம்பர் 6, ஞாயிறு. ஒரு பெஞ்சு விட்டு ஒரு பெஞ்சில் டேப் ஒட்டியிருந்தோம். வாசலில் வெப்பமானி, சானிடைசர். காணிக்கைப் பை சுற்றி வரவில்லை, வாசலருகே பெட்டி வைத்திருந்தோம். முன்வரிசை இடதுபக்கம் எப்போதும் பெரியவர்கள் உட்காரும் இடம். அங்கே டேப் ஒட்டத் தேவையே இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆச்சி கேட்டாள், "ஏல, அந்த ஃபார்மு நீ போட்டதுதான?"

"ஆமா ஆச்சி."

"நான் அறுபத்துநாலுன்னு போட்டா உள்ள விடுமா?"

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கும் அந்த வரியை நாங்கள் எடுக்கவில்லை. 2021 மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்களுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். ஊசி போட்ட பெரியவர்களை வரச் சொல்லலாமா என்று கமிட்டி பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் அலை. ஏப்ரல் 26 முதல் மறுபடி பூட்டு. ஜூலை 5 அன்று திறந்தது. ஆகஸ்டில் புது விதி வந்தது, வெள்ளி, சனி, ஞாயிறு வழிபாட்டுக்கு அனுமதி இல்லை. அக்டோபர் நடுவில்தான் அது நீங்கியது. பிறகு ஓமிக்ரான் வந்தபோது 2022 ஜனவரியில் மறுபடியும் அதே மூன்று நாட்கள்.

மே மாதம் எங்கள் சபையில் ஒரு தாத்தா இறந்தார். க்வயரில் பல வருடம் பாடியவர். 2020 மார்ச் 15 ஆராதனைதான் அவருக்குக் கடைசி. அடக்கத்துக்கும் சிலரைத் தவிர யாரும் போக முடியவில்லை. அவர் மகள் பிறகு என்னிடம் சொன்னார், "அப்பா உங்க ஃபார்ம மூணு நாலு தடவ முயற்சி பண்ணாங்க தம்பி. சிவப்பு எழுத்துல என்னமோ வருதுன்னாங்க."

அன்று இரவு பதிவுகள் இருந்த ஷீட்டைத் திறந்து அவர் பெயரைத் தேடினேன். இல்லை. இருக்கவும் முடியாது. நிபந்தனையில் தோற்ற பதிவை ஃபார்ம் சேமிக்காது. திரும்ப அனுப்பப்பட்டவருக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. நாளைக்கு யாராவது எங்கள் சபையின் கொரோனா கால வரலாற்றை எழுதினால் அந்த ஷீட்தான் ஆவணம். இடைவெளி விட்டு ஒழுங்காக உட்கார்ந்தவர்கள் அதில் இருப்பார்கள். வர முயன்றவர்கள் இருக்க மாட்டார்கள்.

அந்த வரி சில உயிர்களைக் காப்பாற்றியிருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் "வராதீங்க" என்று சொன்ன கையோடு "நாங்க வர்றோம்" என்று சொல்லியிருக்க வேண்டும். மாஸ்க் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்று ஒரு ஜெபம், அவ்வளவுதான். அந்தப் பாதியை நாங்கள் செய்யவில்லை.

2022 பிப்ரவரியில் ஆச்சியைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். சமாதானம் சொல்லும் நேரம் எல்லோரும் தள்ளி நின்று கும்பிட்டார்கள். ஆச்சி என் பக்கம் திரும்பி இரண்டு கையையும் நீட்டினாள்.